கடலூர் சாலை பங்க்காரர்களுக்கு, காற்று விஷயமாக

முள்ளோடை, கன்னியகோவில், கிருமாம்பாக்கம் தொடங்கி அரியாங்குப்பம், மரப்பாலம் வரை பெட்ரோல் பங்க் நடத்துகிற உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

கடலூரில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் உங்கள் வாடிக்கையாளர்கள் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. புதுச்சேரியில் வாட் வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அதற்காக மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறோம். (எல்லை தாண்டச் சிலருக்கு வேறு காரணமும் உண்டு. அது இந்த மடலில் வேண்டாம்.) பெட்ரோல் போட்ட கையோடு காற்றையும் உங்களிடமே பிடித்துவிடுகிறோம். ஆக, இரண்டு ஊர்க் கார்களின் டயரும் உங்கள் காற்று மெஷினை நம்பித்தான் ஓடுகிறது. அந்த மெஷினைப் பற்றியும், அதன் பக்கத்தில் நிற்கும் தம்பியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

கார் போய் நின்றதும் ஒரு கேள்வி வரும்: "தர்ட்டி பைவா சார்?" சின்ன கார், பெரிய கார், ஒரு ஆள், ஏழு ஆள், முன் டயர், பின் டயர் எதற்கும் வித்தியாசம் கிடையாது. ஓட்டி வந்தவரும் தலையை ஆட்டிவிடுவார். நான்கு டயரிலும் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறிவிடும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு எண்ணைப் பழகிக்கொண்டால் வேலை சுலபம் என்பது புரிகிறது. ஆனால் சரியான எண் ஒவ்வொரு காரிலும் எழுதியே இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம். டயர் அளவு, முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, வண்டி நிறைய ஆளும் மூட்டையுமாகப் போனால் எவ்வளவு என்று கார் கம்பெனி அதில் போட்டிருக்கும். 230 என்றும் 250 என்றும் கிலோபாஸ்கல் என்கிற இன்னொரு அலகில் மட்டும் இருந்தால் மிரள வேண்டாம். 230 என்பது கிட்டத்தட்ட 33 பி.எஸ்.ஐ., 250 என்பது 36.

இன்னொரு எண் டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும், 44 என்றோ 51 என்றோ. அது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம். காருக்கு வைக்க வேண்டிய அளவு அது இல்லை. அதைப் பார்த்து "44 போடு தம்பி" என்று அதிகாரமாகச் சொல்கிற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிக் கேட்கிறவரிடம் "டோர்ல பாருங்க சார்" என்று சொல்ல உங்கள் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

35 போட்டால் குடி முழுகிவிடுமா என்றால், முழுகாது. 33 வேண்டிய டயரில் 35 இருந்தால் கொஞ்சம் தூக்கிப் போடும், அவ்வளவுதான். ஆபத்து, காற்று குறைவதில்தான் இருக்கிறது. குறைந்த காற்றில் ஓடும் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கம் சூடாகிறது, சூடு ரப்பருக்கும் உள்ளிருக்கும் கம்பி வலைக்கும் நடுவே உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. சித்திரை வெயிலில், விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச்சாலையில் வேலை முடிந்த பகுதிகளில் 100-க்கு மேல் போகும்போது வெடிக்கிற டயர் பெரும்பாலும் இந்த வகை. பண்ருட்டியில் பலாப்பழத்தை டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு, பின் சீட்டில் மூன்று பேரோடு வருகிற காரின் பின் டயருக்கு ஸ்டிக்கரில் கூடுதல் எண் போட்டிருப்பது சும்மா இல்லை. மழைக்காலத்திலும் இதே கதை. சாலையில் தண்ணீர் நிற்கும்போது காற்று குறைந்த டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கிவிடும்.

மைலேஜ் பற்றியும் சொல்வார்கள். 5 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் பாதியாகிவிடும் என்கிற மாதிரிப் பேச்சையெல்லாம் நம்ப வேண்டாம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நான்கு டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறையும். பெட்ரோலுக்காக இல்லை, டயருக்காகவும் உயிருக்காகவும்தான் காற்று.

இப்போது எல்லை தாண்டி வருகிற எங்களுக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். கார் கம்பெனி போட்டிருக்கும் எண், டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. கடலூரிலிருந்து முள்ளோடைக்கு வந்து சேருவதற்குள் எங்கள் டயர் சூடாகிவிடுகிறது. டயருக்குள் ஏறக்குறைய 6 டிகிரி சூடு ஏறினால் 1 பி.எஸ்.ஐ. கூடும். வெயிலில் கொஞ்சம் வேகமாக ஓட்டி வந்தால் 3, 4 கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். உங்கள் மெஷினில் 35 வைத்துவிட்டு, டயரில் 37 இருந்தால், அது உஸ்ஸென்று 2 பி.எஸ்.ஐ.யை இறக்கிவிட்டுத்தான் பீப் அடிக்கும். சரியாக இருந்த டயர், வீட்டுக்குப் போய் ஆறியதும் குறைந்த டயராகிவிடும். காற்று பிடிக்கப் போய்க் காற்றைக் கொடுத்துவிட்டு வந்த கணக்கு.

இதற்கு நான் செய்வது இது. சில நூறு ரூபாய்க்கு, காற்றழுத்தம் பார்க்கப் பேனா மாதிரி ஒரு கேஜ் கிடைக்கிறது. விடிந்ததும், வண்டியை எடுக்கும் முன்பே அதை வைத்துப் பார்த்துவிடுவேன். வேண்டியது 33, காட்டுவது 29 என்றால், குறைவு 4. உங்கள் பங்க்குக்கு வந்து, உங்கள் மெஷின் எவ்வளவு காட்டினாலும் அதன்மேல் 4 ஏற்றச் சொல்ல வேண்டும். உங்கள் மீட்டர் ஒன்றிரண்டு கூடவோ குறையவோ காட்டுகிற மீட்டராக இருந்தாலும் இந்த முறையில் பெரிய பாதகமில்லை, வித்தியாசத்தைத்தானே ஏற்றுகிறோம்.

ஆனால் உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மீட்டர் 32 காட்டும்.

"சார், தர்ட்டி டூ இருக்கு. நார்மல்தான்."

"தர்ட்டி சிக்ஸ் வை தம்பி."

"வேணாம் சார், வெடிச்சிடும்."

அவன் நல்ல மனதோடுதான் சொல்கிறான். சூடான டயருக்கும் ஆறிய டயருக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினைந்து நிமிட விஷயம். ஒருநாள் மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்: ஓடி வந்த வண்டியில் காற்றை இறக்காதே, எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேள், கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார். இந்த மூன்றும் தெரிந்த ஆள் உங்களிடம் இருக்கிறான் என்று தெரிந்தால் நான் பக்கத்து பங்க்கைத் தாண்டி உங்களிடம் வருவேன்.

தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. உங்கள் சாலையில் ஒரு பங்க்கில் வயதானவர் ஒருவர் காற்றுப் பக்கம் நிற்பார். ஹோஸை எடுத்ததும் வால்வு மூடி நான்கையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், தரையில் வைக்க மாட்டார். காற்று ஏற்றி முடித்ததும் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைப்பார். குமிழ் கிளம்பினால், "பின்னு லூசா இருக்குங்க, மாத்திடுங்க" என்பார். மாதா மாதம் ஒரே டயரில் மட்டும் காற்று இறங்குகிறது என்றால் காரணம் பஞ்சராக இல்லாமல் இந்த வால்வு பின்னாகவும் இருக்கலாம். எச்சில் பிடிக்காது என்றால் ஒரு சின்ன பாட்டிலில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொடுங்கள். அவருக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் பத்து ரூபாய்தான் சம்பளம் என்கிற மாதிரி சில இடங்களில் நடத்துகிறார்கள். அது சரியில்லை. காற்று இலவசம் என்றால், காற்றுப் பிடிப்பவருக்குக் கூலி நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இலவசம் என்பதும் நீங்கள் மனமுவந்து செய்கிற தர்மம் இல்லை. எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை ஒழுங்கு விதிகளில், பங்க்கில் காற்று இலவசமாகக் கிடைத்தாக வேண்டும் என்று இருக்கிறது, குடிதண்ணீரும் கழிப்பறையும் போல. அப்படியிருக்க, சில இடங்களில் இலவச மெஷின்மேல் மாதக்கணக்கில் ‘ரிப்பேர்’ அட்டை தொங்குகிறது, பக்கத்திலேயே நைட்ரஜன் மெஷின் மட்டும் ஜோராக ஓடுகிறது. அதற்குக் காசு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது. விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் அது முக்கியம். மளிகை வாங்கப் போகிற காருக்கு மாதம் ஒருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்த்தாலே போதும். நைட்ரஜன் விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் "நைட்ரஜன் போட்ட டயரில் சாதாரணக் காற்று கலக்கக் கூடாது" என்று பயமுறுத்த வேண்டாம். தாராளமாகக் கலக்கலாம்.

மெஷின் பழுதாவது உங்கள் குற்றம் மட்டும் இல்லை என்பதும் தெரியும். உப்புக்காற்று. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எந்த இரும்பும் நிம்மதியாக இருப்பதில்லை. ஹோஸ் முனையில் இருக்கும் பித்தளைத் தலை பச்சை பூத்துப்போய், வால்வில் சரியாக உட்காராமல் பக்கவாட்டில் காற்றை விடும். அந்தச் சத்தத்திலேயே டயரில் இருந்ததும் போகும். அதை மாற்றப் பெரிய செலவு இல்லை. கம்ப்ரசர் டேங்க்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் அடித் திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஒருநாள் விட்டாலும் நிறையத் தேங்கும், அது ஹோஸ் வழியாக எங்கள் டயருக்குள்தான் வரும். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை நல்ல கேஜ் ஒன்றை வைத்துப் பார்த்து, தேதியை மெஷின்மேல் எழுதிவைத்தால் எங்களுக்கு நம்பிக்கை வரும். பெட்ரோல் அளவைச் சந்தேகப்பட்டால் 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டுகிறீர்கள் அல்லவா, அந்த மரியாதை காற்றுக்கும் வேண்டும்.

ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வார்த்தை. யாரும் அதைத் திறக்கச் சொல்வதில்லை, உங்கள் ஆளும் கேட்பதில்லை. டிக்கிக்கு அடியில் கிடக்கிற டயரும் மாதம் 1 பி.எஸ்.ஐ. அளவுக்கு இழந்துகொண்டேதான் இருக்கும். தேவைப்படுகிற அன்று அது சப்பையாகக் கிடக்கும். "ஸ்டெப்னி பார்க்கலாமா?" என்று ஒரு கேள்வி கேட்கப் பழக்குங்கள். புது கார்க்காரர்கள் சிலர் "என் வண்டியில் சென்சார் இருக்கு, லைட் எரிந்தால் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். அந்த விளக்கு பொதுவாகக் கால்பங்கு காற்று இறங்கிய பிறகுதான் எரியும். 33 இருக்க வேண்டிய டயர் 25-க்கு வந்திருக்கும். சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிற வகை என்றால், நான்கு டயரும் ஒன்றாக இறங்கும்போது எரியாமலே போகவும் வாய்ப்புண்டு.

கடைசியாக நேரம். பெட்ரோல் காலை ஐந்து, ஆறு மணிக்கே கிடைக்கிறது. காற்றுக்கார அண்ணன் ஒன்பதுக்கு மேல்தான் வருகிறார். திருப்பதிக்கோ வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ குடும்பத்தோடு கிளம்புகிற கார்கள் விடிகாலையில்தான் உங்கள் வாசலுக்கு வருகின்றன. காற்று மிகவும் தேவைப்படுகிற வண்டிகள் அவை, டயர் ஓரளவு ஆறியிருக்கும் நேரமும் அதுதான். பெட்ரோல் போடுகிற பையன்களில் ஒருவருக்காவது ஹோஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து அந்த மூன்று மணி நேரத்தைச் சமாளிக்க முடியாதா? மெஷின் உண்மையிலேயே பழுது என்றால், அதைச் சாலையில் திரும்பும்போதே தெரிகிற மாதிரி ஒரு போர்டில் எழுதி வையுங்கள். டேங்க்கை நிரப்பி, காசு கொடுத்து, வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்திய பிறகு "காத்து இல்ல சார்" என்று கேட்பதைவிட நாங்கள் அடுத்த பங்க்கிலேயே இரண்டையும் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் உங்கள் வாடிக்கையாளர்