நிறுவைக்கும் சம்பளத்துக்கும் நடுவில்

தலவாக்கலை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் சிக்னலுக்காகக் கோயிலடி மேட்டில் ஏறி நின்று, மழையில் நனைந்துகொண்டு சொல்கிற விஷயமா இது? நீ கேட்ட இரண்டில் ஒன்று பாடம், மற்றது உன் மனக்கஷ்டம். எழுதி அனுப்பினால் பிள்ளை திரும்பத் திரும்பப் படிக்கும் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். தேயிலைக் கொழுந்து நிறுப்பதிலிருந்து சம்பளம் கைக்கு வரும்வரை என்னென்ன நடக்கிறது என்று அஸைன்மென்ட்டுக்குக் கேட்டாய். 29 வருடம் கணக்கப்பிள்ளையாகச் செக்ரோல், அதாவது தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு, எழுதியவனிடம் இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. நீ கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது.

காலையில் பெரட்டு. யார் யார் வந்தார்கள், யாருக்கு எந்த மலை என்று பதிவது அங்கேதான். அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று நிறுவை: காலை, மத்தியானம், அந்தி. கொழுந்து கட்டிய படங்கு (சாக்கு) தராசில் ஏறும். நான் கிலோவைச் சத்தமாகச் சொல்லி பொக்கட் செக்ரோலில் எழுதுவேன். சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு இன்னொரு கழிவு. கழிவு போக மூன்று நிறுவையையும் கூட்டினால் அன்றைய கிலோ. தோட்டம் வைத்த அளவைத் தொட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், தொடாவிட்டால் அரைப்பேர், தாண்டினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. என் சின்னப் புத்தகத்திலிருந்து எல்லாம் ஆபிசில் உள்ள பெரிய செக்ரோலுக்குப் போகும். மாதக் கடைசியில் பெரிய கிளாக்கர் அதைக் கூட்டி, ஈ.பி.எப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், முற்பணம், சங்கச் சந்தா, கோயில் பணம், கடன் என்று கழித்துச் சம்பளத் துண்டு போடுவார். தோட்டம் தன் பங்குக்கு ஈ.பி.எப்புக்கு 12 வீதமும் ஈ.டி.எப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும்.

அதே கொழுந்துக்கு இன்னொரு பாதையும் உண்டு. லொறியில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போனதும் அங்கே திரும்ப நிறுப்பார்கள். வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, காயவைத்து, சலித்து முடித்தால் 100 கிலோ கொழுந்துக்குச் சுமார் 20 முதல் 22 கிலோ தேயிலை கிடைக்கும். ஆகவே மலையில் எழுதிய கிலோ, ஸ்டோரில் எழுதிய கிலோ, கடைசியில் பெட்டிக்குள் போன கிலோ மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி. எங்கேயாவது பொய் எழுதியிருந்தால் இந்த மூன்றில் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். அஸைன்மென்ட்டுக்கு நீ வரைகிற படத்தில் இதைக் கட்டாயம் போடு. அம்புக்குறி ஒரு பக்கம் மட்டும் போவதாக வரைந்துவிடாதே.

ஆனால் மகளே, நிறுக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அது எந்தப் படத்திலும் வராது. அந்தி நிறுவை, மழைச்சாரல், கொழுந்துக் கறையேறிய விரல்கள். வரிசையில் நிற்கிறவள் தராசு முள்ளைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் அவள் கண் என் பென்சில் மேலேயே இருக்கும். முள் காட்டுவது ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும், பென்சில் எழுதுவதுதான் மாதக் கடைசிவரை நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் என்ன எழுதினேன் என்று எட்டிப் பார்க்க அவளுக்கு உரிமை இல்லை. உன் அப்பாயி முந்தானையில் முடிச்சுப் போட்டு வைப்பாள், பத்து றாத்தலுக்கு ஒரு முடிச்சு. இரவில் லயத்துக்கு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து எண்ணி, சுவரில் கரிக்கோடு போடுவாள். நான் சின்னப் பையன், பக்கத்தில் இருந்து பார்ப்பேன். சம்பள நாளில் அந்தச் சுவரும் செக்ரோலும் ஒத்துப்போகாவிட்டால், அவளுடைய சுவரை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. நான் கணக்கப்பிள்ளை ஆனதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம்.

இப்போது உன் மனக்கஷ்டத்துக்கு வருகிறேன். மனேஜ்மென்ட் பிள்ளைகள் உங்களைக் கம்ப்யூட்டர்காரர் என்கிறார்கள், கம்ப்யூட்டர் பிள்ளைகள் உங்களை மனேஜ்மென்ட் என்கிறார்கள், கணக்கியலும் அரைகுறை, புரோகிராமும் அரைகுறை, மனேஜ்மென்ட்டும் கம்ப்யூட்டரும் கலந்த இந்தப் பட்டம் இரண்டும் கெட்டான் என்று சொல்லி அழுதாய். வேறு ஏதாவது படிக்கலாமா என்றும் கேட்டாய். மூன்றாம் வருடத்தில் நின்றுகொண்டு இப்படிக் கேட்பது எவ்வளவு பாரம் என்று எனக்குப் புரிகிறது. அதற்காக உன்னைக் கோபிக்கவில்லை.

அம்மாவின் ஈ.பி.எப் விஷயத்தை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. அம்மா 1986இல் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தவள். 2018இல் 50 வயதானதும் வேலையை விட்டாள். பெண்களுக்கு 50இல் எடுக்கலாம், ஆண்களுக்கு 55. விண்ணப்பம் கொடுத்து, பணம் வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. காரணம் ஒரு பெயர். பிறப்புப் பத்திரத்தில் முழுப்பெயர். செக்ரோலில் வீட்டில் கூப்பிடுகிற பாதிப்பெயர். அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதி அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பெயர், அதில் முதலெழுத்தும் வேறு. போதாக்குறைக்கு 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியபோது அங்கத்தவர் இலக்கமும் மாறியது. ஆக 32 வருடம் கொழுந்து பறித்த ஒருத்தி, கடதாசியில் மூன்று பெண்கள்.

ஈ.பி.எப் அலுவலகத்துக்கு நாங்கள் ஏழு தடவை போனோம். அங்கே இருந்த தம்பி கெட்டவர் இல்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டி, "ஐயா, பெயர் ஒத்துப்போகவில்லை என்று வருகிறது, நான் என்ன செய்ய?" என்றார். அம்மா கையை மேசைமேல் விரித்து வைத்தாள். அதையா பார்க்கச் சொல்கிறாள் என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், சட்டம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். தோட்டத்தில் ஒருத்திக்குப் பாதிப்பெயர் எப்படி வருகிறது என்று தெரிந்து, அதற்கு அந்தத் திரையில் ஓர் இடம் ஒதுக்கிவைத்த ஆள்தான் இல்லை. நீ இரண்டும் கெட்டான் என்கிறாயே, அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த நடுவில் நிற்கத் தெரிந்த ஆள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் பாதிப்பெயரை எழுதியது எனக்கு முன்னே இருந்தவர். ஆனால் நானும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் எழுதினேன். கட்டம் சின்னது, மழை, வரிசை நீளம், கூப்பிடுகிற பெயரை எழுதிவிட்டு அடுத்தவளைக் கூப்பிடுவேன். ஒவ்வொரு பாதிப்பெயரும் இருபது, முப்பது வருடம் கழித்து யாரோ ஒருத்தியை எங்கோ ஒரு பெஞ்சில் உட்காரவைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை. உனக்கு இதைச் சொல்லித்தருகிறார்கள். தரவுத்தளப் பாடத்தில், ஒவ்வொரு ஆளையும் தனியாகப் பிரித்துக்காட்டும் முதன்மைச் சாவி என்று படிக்கிறாயே, அதுதானே இது?

நீ விட்டுப்போன நோட்டில் அதற்கு அடையாள அட்டை இலக்கத்தை உதாரணமாக எழுதியிருந்தாய். அதை அம்மாவின் அட்டையோடு வைத்துப் பார்த்தேன். 68565 என்று தொடங்குகிறது. 68 பிறந்த வருடம். மார்ச் 5, வருடத்தின் 65ஆம் நாள், பெண் என்பதால் 500 கூட்டி 565. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம். ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகவும் எழுதலாம். ஆகவே அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதே என்று அப்பாவாக ஒரு சொல். அப்பாயியை நினைத்துப்பார். 1948 சட்டம் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது, 2003 சட்டம் வந்த பிறகுதான் அவள் கைக்கு ஒழுங்கான கடதாசி வந்தது. அதுவரை அவளுக்கு எந்த இலக்கத்தைப் போட்டிருப்பாய்?

அதே நோட்டில் லியோ என்று ஒரு வரி கண்டேன். தம்பியின் போனில் தேடிப் படித்துவிட்டு இரண்டு நாள் அதே நினைவாக இருந்தேன். லண்டனில் தேநீர்க்கடைகள் நடத்திய லையன்ஸ் கம்பனி, தன் கணக்கு வேலைக்காகத் தானே லியோ என்ற கணினியைக் கட்டியிருக்கிறது. 1951இல் அதில் ஓடிய முதல் வியாபாரக் கணக்கு பேக்கரிக் கணக்கு. அப்புறம் சம்பளக் கணக்கு, தேயிலைக் கலவைக் கணக்கு. அதற்கு எந்த வேலையை எப்படிக் கொடுப்பது என்று வகுத்தவர் டேவிட் கமினர். அவர் பொறியியல் படித்தவர் இல்லை, அந்தக் கம்பனி ஆபிசில் நிர்வாகப் பயிற்சிக்குச் சேர்ந்து மேலே வந்தவர். வியாபாரக் கணக்குக்குக் கணினியை முதலில் ஓட்டியவர்களில் ஒரு தேநீர்க்கடைக் கம்பனியும் இருந்திருக்கிறது, அந்த வேலையை வகுத்தவர் உன்னைப்போல் நடுவில் நின்றவர். இதை உன் கூட்டாளிகளிடம் சொல்.

இங்கே நடந்ததையும் பார். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. நேரில் கூடித்தான் ஏலம் கூறினார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தில், அது மின் ஏலமாக மாறிவிட்டது. விற்கிற முனையில் அவசரம் வந்ததும் வழி பிறந்தது. பறிக்கிற முனையில், எங்கள் டிவிஷனில், அதற்குப் பிறகும் நான் பென்சில்தான் சீவிக்கொண்டிருந்தேன்.

இப்போது இங்கேயும் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்தது. நல்லதுதான், முள்ளைப் பற்றிச் சண்டை இல்லை. ஆனால் போன வாரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் போனபோது நின்று பார்த்தேன். இலக்கம் சிவப்பாக மின்னுகிறது, நிறுக்கிறவர் பக்கம் மட்டும். வரிசையில் நின்றவள் பழையபடி எட்டித்தான் பார்க்கிறாள். உன் அஸைன்மென்ட்டில் ஒரு புதிய முறைமை வரையச் சொல்வார்கள் என்றாயே, அவள் பக்கமும் ஒரு திரை வை. மூன்று நிறுவையும், கழித்த கழிவும், தமிழில், பெரிய எழுத்தில். மாதக் கடைசியில் அவளிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும். செலவு எவ்வளவு என்று விரிவுரையாளர் கேட்பார். கணக்குப் போட்டுச் சொல். உன் பட்டத்தில் கணக்கியல் இருப்பது அதற்குத்தானே? கம்ப்யூட்டர் மட்டும் படித்தவனுக்கு அந்தச் செலவைத் தோட்டத்துத் துரை முன்னால் நின்று நியாயப்படுத்த வராது.

பட்டத்தை விடுவதா இல்லையா என்பது உன் முடிவு. என் ஆசை என்ன என்று கேட்டால், முடி என்பேன். பயிற்சிக்குக் கம்பனி தேடும்போது பெரிய பெயரைப் பார்த்து மயங்காதே. உன்னை வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று மட்டும் கேள். மகாபொல உதவிப்பணம் பிந்தினால் சொல், வெட்கப்படாதே. அம்மா சீட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

கீழ் லயத்துப் பையன் புதன்கிழமை கொழும்புக்கு ரயிலில் வருகிறான். அவனிடம் தேயிலை, காய்ந்த மிளகாய், உன் ஸ்வெட்டர், அதோடு என் பொக்கட் செக்ரோல் ஒன்றும் கொடுத்துவிடுகிறேன். கணக்கு முடிந்த பழைய புத்தகம், பெரிய கிளாக்கரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அதில் உள்ள அக்காமார் பெயர் எதையும் அஸைன்மென்ட்டில் போடாதே, ஏதாவது ஓர் எண்ணாக மாற்றிக்கொள். நடுவில் ஒரு பக்கம் மழைத்தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கும், பக்கத்தில் நீல மையில் திரும்ப எழுதியிருப்பேன். அன்றைக்கு 31 பேருடைய கிலோவும் அழிந்துபோனது. மறுநாள் காலைப் பெரட்டில் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன், அவரவர் நினைவிலிருந்து சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டி ஸ்டோர்க் கணக்கோடு பார்த்தேன். மூன்று கிலோதான் வித்தியாசம்.

அன்புடன்,
அப்பா