பதினோராவது பேனாவுக்கு முன், பத்துப் பேனாவையும் கழுவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைப் பேனாக்களை வாங்கிக் குவிக்கும் ஆசையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அதை மனக்கட்டுப்பாட்டு விஷயமாக மட்டுமே பார்த்திருக்கிறது. கடைப் பக்கம் போகாதீர்கள், செலவைக் கணக்கு எழுதுங்கள் என்ற அறிவுரை செருப்புக்கும் பொருந்தும், கைக்கடிகாரத்துக்கும் பொருந்தும். பேனாவுக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த பேனாவின் மேல் வரும் ஆசையில் பெரும்பங்கு, கையில் இருக்கும் பேனா ஒழுங்காக எழுதாததால் வருவது. அதைச் சரிசெய்யாமல் மனத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வது, கல் கிடக்கும் செருப்போடு நடையைத் திருத்தச் சொல்வது போல.

நடப்பது இதுதான். பத்துப் பேனா வைத்திருப்பவர் பத்திலும் மை நிரப்பி வைக்கிறார். எழுதுவது ஒன்றிலோ இரண்டிலோ. மற்றவை மூடியபடி கிடக்கின்றன. மூடி எவ்வளவு இறுக்கமானாலும் மையில் உள்ள தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், சாயம் ஆவியாகாது. நாளாக ஆக மை கெட்டிப்பட்டு, நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கின் மயிரிழைக் கால்வாயில் படிகிறது. மூன்று வாரம் கழித்து எடுத்தால் முதல் எழுத்து விழாது. உதறினால் ஒரு சொட்டு தெறிக்கும், அடுத்த வரியில் மறுபடி வெளுக்கும். 'இது சரிப்படாது' என்று பெட்டிக்குள் போகிறது. பதினோராவது வருகிறது, அதையும் நிரப்புகிறார்கள். பேனா கூடக் கூட ஒவ்வொன்றும் எழுதும் நாள் குறைகிறது. எழுதும் நாள் குறையக் குறைய ஒவ்வொன்றும் மோசமாகிறது. பேனாப் பெட்டியே அடுத்த பேனாவைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

அந்த நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைப் பேனாவின் உயிர் நிப்பில் இருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். 1884-இல் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றது நிப்புக்கு அல்ல, மையும் காற்றும் போய்வரும் இந்தக் கட்டைக்கு. எவ்வளவு மை கீழே இறங்குகிறதோ அவ்வளவு காற்று மேலே போயாக வேண்டும். இல்லாவிட்டால் கவிழ்த்த குடம் போல மொடக் மொடக்கென்று விட்டுவிட்டுத்தான் வரும். பேனாவில் அதுதான் ஒரு வரி வெளுப்பு, ஒரு வரி கொப்பளிப்பு. நாக்கின் இரு ஓரத்திலும் சீப்புப் பல் போல வெட்டியிருப்பது அழகுக்கு அல்ல. கைச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும்போது, மிகுதி மை அந்தப் பற்களுக்கு இடையே தங்கும், தாளில் விழாது. அங்கே காய்ந்த மை அடைத்துக்கொண்டால் எவ்வளவு உயர்ந்த நிப்பும் பயனில்லை.

கழுவுவதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சாதாரணத் தண்ணீரில், கன்வெர்ட்டரை (மையை உறிஞ்சி வைக்கும் கழற்றக்கூடிய சிறு குழாயை)ப் பொருத்தி, பத்துப் பதினைந்து முறை உறிஞ்சி வெளியே தள்ளுங்கள். காதில் நீர் பீய்ச்சும் ரப்பர் பல்பு ஒன்றை, நிப்பைத் தாங்கியிருக்கும் கழுத்துப் பகுதியின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். நீல மையும் கறுப்பு மையும் ஓரளவு விரைவாக இறங்கிவிடும். சிவப்பும் ஊதாவும் நிறையத் தண்ணீர் கேட்கும். காய்ந்து போன பேனாவாக இருந்தால் கழுத்துப் பகுதியை மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க ஊற வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வீட்டு உபயோக அம்மோனியா ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். ஸ்பிரிட், ஆல்கஹால் பக்கமே போகக்கூடாது. பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடும், அது மறுநாள்தான் தெரியும். கடைசியாக நிப்பு கீழே இருக்கும்படி டிஷ்யூ தாளின் மேல் ஒரு நாள் நிறுத்துங்கள். தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே மை நிரப்பினால் முதல் பக்கம் வெளிறிப் போகும். உடனே 'மை சரியில்லை' என்று வேறு மை வாங்கக் கிளம்புவார்கள்.

கழுவியும் திருப்தியில்லை என்றால் நிப்பைப் பார்க்க வேண்டிய நேரம். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். பேனா வாங்கும் எவரும் முதல் பேனாவோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள் அது. நிப்பின் முனையை நேருக்கு நேர் பாருங்கள். பிளவின் இரு பக்கத்துப் பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால், ஒரு பக்கம் இழுக்கும்போது வழுக்கும், எதிர்ப்பக்கம் இழுக்கும்போது கீறும். மேலே இருப்பதைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீழே அழுத்தி, இரண்டு மூன்று நொடி பிடித்து, விட்டு, மறுபடி லென்ஸில் பாருங்கள். ஒரே அழுத்தில் சரிசெய்யப் பார்த்தவர்கள் நிப்பை வளைத்திருக்கிறார்கள். ஐந்தாறு முறை சிறிது சிறிதாகச் செய்வதுதான் முறை. எல்லாத் திசையிலும் கீறினால் கோளாறு மட்டத்தில் இல்லை. முனை கரடாக இருக்கலாம், அல்லது நிப்பு உங்கள் தாளுக்கு மிக மெல்லியதாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான கோளாறு ஒன்று உண்டு. வெண்ணெய் போல வழுக்கும், ஆனால் எழுத்தின் முதல் கோடு விழாது. முனையின் உட்புற ஓரங்களைத் தேவைக்கு மேல் மெருகேற்றிவிட்டால், பிளவின் வாயில் ஒரு சிறு பள்ளம் விழுந்து, மை தாளைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிடும். புதுப் பேனாக்களிலும் இது வரும். பேனா புதியதாக இருந்தால் திருப்பிக் கொடுப்பதே நல்லது, ஏனென்றால் நீங்களே தேய்த்துச் சரிசெய்யப் போனால், மிக நுண்ணிய 12000 நம்பர் மெருகுத்தாளில் கூட முனையின் உலோகம் தேய்ந்துகொண்டே போகும், தேய்ந்தது திரும்ப வராது. மை குறைவாக வருகிறது என்றால் முனையைத் தேய்க்கவே கூடாது, 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டைப் பிளவுக்குள் விட்டு ஓட்டினால் தாள் நார் வெளியே வரும். பெரும்பாலும் அவ்வளவுதான்.

நிப்பு அகலம் பிடிக்காமல் வாங்கப்படும் பேனாக்கள் தனிக் கூட்டம். பட்டையாக எழுதுகிறது என்று அதை வைத்துவிட்டு மெல்லியதற்கு ஒன்று, மெல்லியது கீறுகிறது என்று நடுத்தரத்துக்கு ஒன்று. பல பேனாக்களில் நிப்பை மட்டும் மாற்றலாம் என்பது தெரிந்தால் இந்த வரிசையே நின்றுவிடும். 1980 முதல் விற்பனையில் இருக்கும் லாமி சஃபாரியின் எஃகு நிப்பை, ஒட்டும் டேப்பைச் சுற்றி நேராக முன்பக்கம் இழுத்தால் வந்துவிடும். வேறு அகலத்தைச் செருகிக்கொள்ளலாம். பெலிக்கன் எம்200, எம்400 பேனாக்களில் நிப்பும் நாக்கும் ஒன்றாகத் திருகிக் கழற்றும்படி இருக்கும், ஒன்றினுடையது மற்றொன்றில் பொருந்தும். ஜப்பானியப் பேனாக்களில் 'எஃப்' (மெல்லிய நிப்பு) என்று குறித்திருப்பது ஐரோப்பிய 'எஃப்'பை விட ஏறக்குறைய ஒரு படி மெல்லியது. இதைக் கவனிக்காமல் ஏமாந்து வாங்கியவை எத்தனையோ.

தங்க நிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 585 என்று பொறித்திருந்தால் 14 காரட், 750 என்றால் 18 காரட். ஆனால் தாளைத் தொடுவது தங்கம் அல்ல. முனையில் பற்றவைத்திருக்கும் கடினமான உலோகக் கலவைதான் தொடுகிறது. எஃகு நிப்பிலும் அதே வகைக் கலவைதான். நெகிழ்வைத் தீர்மானிப்பது காரட் எண்ணை விட நிப்பின் வடிவமும் தடிமனும். தங்கத்தின் உண்மையான பயன் அரிப்பைத் தாங்குவது. மாசிக்காய்த் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்த பழங்கால வகை மை அமிலத்தன்மை உடையது; எஃகை மெல்ல அரிக்கும். அந்த மையைப் பயன்படுத்துபவருக்குத் தங்க நிப்பு நியாயமான செலவு. மற்றவர்களுக்கு அது நகை ஆசை, அதிலும் தப்பில்லை, பெயரை மட்டும் சரியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மைப்புட்டிகளின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. ஒரு கன்வெர்ட்டரில் சுமார் முக்கால் மில்லிலிட்டர் பிடிக்கும். 50 மில்லிப் புட்டியில் அறுபத்தைந்து நிரப்பலுக்கு மேல் வரும். வாரம் ஒரு முறை நிரப்பினாலும் ஒரு புட்டி ஓராண்டைத் தாண்டும். பத்துப் புட்டி என்றால் பன்னிரண்டு ஆண்டுக்கான மை. அதற்குள் சில புட்டிகளில் பூஞ்சை பிடிக்கும். மேலே ஆடை போல மிதந்தாலோ, நாற்றம் மாறினாலோ, முழுப் புட்டியையும் கொட்டிவிட வேண்டும். அந்த மையை நிரப்பிய பேனா அத்தனையையும் கழுவ வேண்டும். மினுமினுப்புத் தூள் கலந்த மை நாக்கில் தங்கும், இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள். அரக்கு கலந்த ஓவிய மையை மைப் பேனாவில் ஊற்றவே கூடாது. இரண்டு மைகளைக் கலப்பதும் ஆபத்து: அமிலமும் காரமும் சேர்ந்தால் வண்டல் இறங்கும். 1941-இல் வந்த பார்க்கர் 51 பேனாவுக்கென்றே, சீக்கிரம் உலரும்படி, காரம் மிகுந்த ஒரு மை செய்தார்கள். மற்றப் பேனாக்களில் அதை ஊற்றாதீர்கள் என்று அந்தக் கம்பெனியே எச்சரித்தது.

தாளையும் சந்தேகப்படுங்கள். மை கசிந்து வேர்விட்டால் அது பெரும்பாலும் தாளின் மேற்பூச்சுக் குறைவு. தாளின் கனம் அல்ல. அதே பேனாவால் இரண்டு வகைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகு பேனாவைக் குறை சொல்லலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆசை மிஞ்சுகிறதா? மிஞ்சும். அது உண்மையான சேகரிப்பு ஆசை, அதற்கு எங்கள் ஆட்சேபம் இல்லை. ஆனால் வாங்கும் முன் நான்கு விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்: நிப்பு அகலம், மை பிடிக்கும் அளவு, பிடிக்கும் இடத்தின் விட்டம், எடை. நான்கும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு ஒத்துப்போனால் நீங்கள் வாங்கப்போவது நிறம். சஃபாரியில் அவ்வப்போது வரும் சிறப்பு நிறங்களில் நிப்பும் நாக்கும் மாறுவதில்லை. மோன்பிளான் கம்பெனி 1992 முதல் வெளியிட்ட கலைப் புரவலர் வரிசையில் 4810 பேனா என்று எண்ணிக்கையை நிறுத்தியது அதன் பெயருக்குரிய மோன்பிளான் மலையின் உயரம் 4810 மீட்டர் என்று வழக்கமாகச் சொல்லப்படுவதால். எழுத்துக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தெரிந்தே வாங்குபவர் வாங்கட்டும்.

எத்தனை பேனா வைத்திருந்தாலும், மை நிரப்பியிருப்பது மூன்றுக்கு மேல் போக வேண்டாம். நிரப்பிய தேதியை ஒரு சீட்டில் குறியுங்கள்; ஒரு மாதம் தாண்டியது கழுவித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். பழைய பேனாக்களைச் சேர்ப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. மையை உறிஞ்ச உதவும் பக்கவாட்டு நெம்புகோல் இறுகியிருந்தால் நெம்பாதீர்கள். உள்ளே மை தங்கும் ரப்பர் பை கல்லாகியிருக்கும், நெம்புகோல் முறியும். பையை மாற்றி அரக்கு வைத்து ஒட்ட வேண்டும். செல்லுலாய்டு பேனாவைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் அதிலிருந்து வரும் ஆவி அதையும் அரிக்கும், பக்கத்தில் இருப்பதையும் அரிக்கும். பால் புரதமான கேசீனில் செய்ததைத் தண்ணீரில் ஊற வைத்தால் உப்பிவிடும்.

கடைசியாக, கட்டுரையில் இரண்டு இடங்களைத் திருத்தி வெளியிட வேண்டுகிறோம். பேனாவை வெந்நீரில் ஊற வைக்கலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. எபோனைட் (கெட்டி ரப்பர்) உடல் வெந்நீர் பட்டால் கருமை போய்ப் பழுப்பேறும், மெருகு போட்டாலொழிய திரும்பாது, செல்லுலாய்டு வளையும். உடலில் நேரடியாக மை ஊற்றும் பேனாக்களின் மரையில் வாசலின் தடவச் சொன்னதும் தவறு. பெட்ரோலியத்தில் செய்தது ரப்பர் வளையத்தை ஊதவைக்கலாம். தடவ வேண்டியது சிலிக்கோன் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக. அப்படிப்பட்ட பேனா மை கக்குகிறது என்றால் பெரும்பாலும் மரை காரணமில்லை, உள்ளே காற்று அதிகமாகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு மை மிச்சம் இருக்கும்போதே நிரப்பிவிட்டால் கக்குவது நின்றுவிடும்.

இப்படிக்கு,
மைப் பேனா பழுது பார்க்கும் வாசகர்கள் சிலர்