பெயர் கேட்க மறந்த செவிலியருக்கு நன்றி

புற்றுநோய் முற்றிய நிலையில் என் தாயார் வீட்டில் படுத்திருந்த கடைசி 21 நாட்களில், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்காக வந்துகொண்டிருந்த செவிலியரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மார்ஃபின் என்னும் வீரியமிக்க வலி நிவாரணி மாத்திரையை வலி வரட்டும் என்று காத்திராமல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்றும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து தேவை என்றும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவர்தாம் எழுதிக் கொடுத்தார். (அதுவரை அம்மாத்திரைக்கு அஞ்சி, பாதியை நான் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன்.) அம்மாவால் விழுங்க முடியாமற்போன நாளில், ஈரப்பஞ்சால் உதடுகளை நனைத்தபடியே, அம்மா பட்டினியால் வாடவில்லை, உடல்தான் உணவு கேட்பதை நிறுத்திவிட்டது என்று அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினார். காரியம் முடிந்த மறுவாரமும் வந்து, அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா என்று விசாரித்துச் சென்றார். சகோதரி, உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.