ரிபேட் சேலையும் உன் கையெழுத்தும்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததை உங்கம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி அங்கே வந்து நிற்பாள். வார்டுக்காரர்கள் கூடிக் குறை சொல்லும் ஏரியா சபைக் கூட்டத்தை, நடக்காமலே நடந்ததாக எழுதி உன்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள், கவுன்சிலர் பதவியே வேண்டாம், நல்லவளாக இருந்தால் போதும்ப்பா என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதேதான் ஓடியது.

உங்கப்பன் நல்லவன் என்று இளம்பிள்ளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதியவன், ஒரு டீ கூட ஓசியில் குடித்ததில்லை. ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. சங்கத்தில் விசைத்தறிச் சேலையைக் கட்டுக்கட்டாக வாங்கி, கைத்தறி முத்திரை குத்தி, கைத்தறிக்கென்று அரசாங்கம் கொடுத்த தள்ளுபடிப் பணத்தை, அதான் ரிபேட்டை, வாங்கினார்கள். முத்திரை குத்தும்போது நான் மேஜையை விட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொள்வேன். திரும்பி வந்து, இருப்புப் புத்தகத்தில் அவர்கள் சொன்ன எண்ணிக்கையை என் அழகான கையெழுத்தில் எழுதுவேன். பங்கு கொடுத்தார்கள், தொடவில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

அப்புறம் ஒருநாள் கைத்தறி நெய்கிற பெரியவர் ஒருவர் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், கேட்டு வந்தார். மூன்று வாரமாகத் தறி சும்மா கிடக்கிறது, தறிக் குழிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றார். விசைத்தறிச் சேலை வந்து குவிந்த பிறகு இவருக்கு எதற்குப் பாவும் நூலும்? இல்லை என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "நீங்க வாங்கலைன்னு ஊருக்கே தெரியும் சாமி, ஆனா எங்களுக்கும் வரலையே" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த வார்த்தை இன்னும் போகவில்லை.

உன் கொள்ளுப்பாட்டி ராஜாஜியைச் சாமி மாதிரி கும்பிடுவாள். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், முதல் மந்திரியானதும் 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதன்முதலாக நம் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். கள்ளுக்கடை மூடியதில் நம் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்ததாம். விட்ட வருமானத்துக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி போட்டது வேறு கதை. அவருடைய எளிமையையும் ஒழுக்கத்தையும் எதிரிகூடக் குறை சொன்னதில்லை. அதே மனிதர்தான் 1953-ல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார், ஊரே குலக்கல்வி என்று கொதித்தது. உன் பெரியப்பாவுக்கு அப்போது எட்டு வயசு. அடுத்த வருஷம் ராஜாஜி விலகி, காமராஜர் வந்து அதை எடுக்காமல் இருந்திருந்தால், அண்ணன் வாத்தியார் ஆகியிருக்க மாட்டார், தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே கிழவனாகியிருப்பார். அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம் உன் கொள்ளுப்பாட்டிக்கும் அவருக்கும் சண்டை வரும், இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படும்.

அதனால் சொந்த ஒழுக்கம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. திருடன் நன்றாக ரோடு போடுவான் என்று சொல்கிறவர்கள் டீக்கடைக்கு நாலு பேர் இருக்கிறார்கள், எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. நான் சொல்ல வருவது என்னைப் பற்றித்தான். வெளியே போய் நின்றேனே, அப்போது முத்திரை குத்துகிறவனுக்கு இடம் வசதியாகத்தான் இருந்தது. நீ ராஜினாமா செய்தால் அந்த நாற்காலியில் நாளைக்கே ஒருவர் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். நீ உள்ளே இருந்து "கூட்டம் நடக்கட்டும், அப்புறம் போடுகிறேன்" என்றால் உனக்கு அடுத்த முறை சீட் கிடைக்காமல் போகலாம். போகட்டும், அதற்குள் அந்தத் தெருக்காரர்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்து தண்ணீரைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் வாய்விட்டுப் பேசியிருப்பார்களே.

அறுபத்தெட்டு வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது சுலபம், தெரியும். உங்கம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், வருகிறவர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுகிறேன். அந்தக் காகிதத்தில் போட்டாயா, இன்னும் போடவில்லையா? அதை மட்டும் எனக்கு எழுது, போட்டிருந்தாலும் எழுது.

அப்பா