சோற்றில் கிடந்த கல்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உயிருள்ள செல்களை மையில் கலந்து, ஊசி வழியே அச்சிட்டு, பல்லைத் தாங்கும் திசுவை உருவாக்கப் பார்க்கிறாய் நீ. "ஆறு மாத வேலை வீணாகிவிட்டது அப்பா, செல்களில் பாதி ஊசியைத் தாண்டுவதற்குள் செத்துவிடுகின்றன" என்று சொல்லிவிட்டு நேற்றிரவு சட்டென்று போனை வைத்துவிட்டாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வருடம் பல் செட் செய்தவன் நான். பிளாஸ்டர் அச்சின் மேல் இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி, கத்தி முனையால் ஈறின் வளைவைச் செதுக்குவதை மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவள் நீ. பார்வைக்கு அது அச்சு அசலாக ஈறுதான். ஆனால் போன மாதம் நடந்ததைக் கேள். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நறுக்கென்று ஒரு சத்தம். சோற்றில் கல், செட்டில் ஒரு பல் விளிம்பு தெறித்துவிட்டது. சத்தம் கேட்ட பிறகுதான் கல் கிடந்ததே அவளுக்குத் தெரிந்தது. சொந்தப் பல்லாக இருந்தால் கல் பட்டதுமே தாடை தானாக நின்றிருக்கும்.

பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தசைநார் இருக்கிறது, அந்த உணர்வு அங்கேதான் குடியிருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். ஈறு நோய் அதைத்தான் அம்மாவிடமிருந்து அரித்தெடுத்துக்கொண்டது. இம்பிளான்ட் வைத்தாலும் திருகு எலும்போடு நேராக ஒட்டிக்கொள்கிறது, அந்த நார் வருவதில்லை.

நீ அச்சிடப் பார்ப்பது அந்தக் கால் மில்லிமீட்டரை. ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம், இரண்டிலும் பதிந்து சாய்வாக ஓடும் நார்கள். எனக்கு வாய்த்தது ஒரே மெழுகு. உனக்கோ மூன்று திசு, மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். மையைக் கெட்டியாக்கினால் வடிவம் நிற்கிறது, செல் நெரிபட்டுச் சாகிறது. இளக்கினால் செல் பிழைக்கிறது, வடிவம் சரிகிறது. இதில் ஆறு மாதம் போனதற்கா அழுதாய்?

நீ அனுப்பிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரையை அகராதியும் கையுமாகப் படித்து முடித்தேன். இத்தாலியில் ஒரு நோயாளிக்கு, பல்லருகே எலும்பு கரைந்த பள்ளத்தின் அளவுக்கே பாலிகேப்ரோலாக்டோன் என்ற, உடம்பில் மெல்லக் கரையும் பிளாஸ்டிக்கில் ஒரு சட்டத்தை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அதில் செல்கள் கிடையாது, வளர்ச்சிப் புரதம் மட்டும்தான். ஒரு வருடம் நன்றாக இருந்திருக்கிறது. பதின்மூன்றாவது மாதம் சட்டம் வெளியே தெரிய ஆரம்பித்து, எடுத்துவிட்டார்கள். அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்களே, அங்கே என் மனம் நின்றுவிட்டது. நீயும் எந்த ஊசி, எவ்வளவு அழுத்தம், எத்தனை செல் செத்தது என்று ஒன்று விடாமல் எழுதி வை.

இன்னொன்று. பால் பல்லுக்குள் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல், இருப்பதை 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியாளர் சோங்தாவ் ஷி, தன் ஆறு வயது மகளின் விழுந்த பல்லுக்குள் சிவப்பாகத் திசு தெரிந்ததைப் பார்த்துத்தான் தேட ஆரம்பித்தாராம். அதற்கு முந்தின வருடம்தான் உன் முதல் பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்தோம். நீ என் தோளில் உட்கார்ந்து எறிந்தாய்.

"கயல் எனக்கு ஈறு செய்து தருவாளா?" என்று அம்மா கேட்கிறாள். உன் காலத்துக்குள் வராது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நீயும் அவளுக்கு நாள் குறித்துச் சொல்லாதே.

உடைந்த பல்லை மாற்றிக் கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் முறத்தோடு உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவது இப்போது என் வேலை.

அன்புடன்,
அப்பா