மினியாபோலிஸிலிருந்து, நம் பழைய சண்டையைப் பற்றி

அன்புள்ள சின்னு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேரனைப் பார்த்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடுகிறது என்று சாக்குச் சொல்லலாம். உண்மையான காரணம் குளிர். மிசிசிப்பி ஆறு ஓரமெல்லாம் உறைந்து கிடக்கிறது. வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடுகிறேன். மகளும் மாப்பிள்ளையும் நலம். சின்னவன் ரசம் சாதம் சாப்பிடக் கற்றுக்கொண்டான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா, இல்லை அவரையும் அதட்டி அனுப்பிவிட்டாயா?

இங்கே வெளியே போகப் பொருத்தமான ஒரே இடம் நூலகம்தான். சூடாகவும் இருக்கும், காசும் இல்லை. அங்கே உட்கார்ந்து படித்ததில் நம் பழைய சண்டை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. நீ மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ.யாக இருந்தபோது, எங்கள் தெருப் பூக்காரம்மாவை நான் உன்னிடம் கூட்டிக்கொண்டு வந்தேனே, உதடு கிழிந்து, கண் வீங்கி. "அவனைப் பிடித்து உள்ளே வை" என்று நான் குதித்தேன். நீயோ அவனை வரவழைத்து, நாலு திட்டுத் திட்டி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினாய். "உள்ளே வெச்சா வெளியே வந்து இன்னும் அடிப்பான்டி, உனக்குத் தெரியாது" என்றாய். ஆறு மாதம் நான் உன்னோடு பேசவில்லை.

உள்ளே வைப்பதா, திட்டி அனுப்புவதா என்கிற இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்த அமெரிக்க ஊரில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். சோதித்தவர் லாரன்ஸ் ஷெர்மன் என்கிற குற்றவியல் பேராசிரியர். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் காவல் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார் (உங்கள் இன்ஸ்பெக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிற ஆய்வாளர்). பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், மேரிலாண்டில் பேராசிரியர் பதவி, பின்னால் கேம்பிரிட்ஜ். பதவிகளை விட்டுத் தள்ளு. 1981-ல், 31 வயதில், அவர் இந்த ஊர் போலீசை ஒரு காரியத்துக்குச் சம்மதிக்க வைத்தார். எப்படித்தான் சம்மதித்தார்களோ!

வீட்டுச் சண்டைக்குப் போகிற போலீஸ்காரர் கையில் மூன்று நிறத்தில் படிவங்கள் கலந்து வைத்த ஒரு கட்டு. ஒரு நிறம் வந்தால் அடித்தவனைக் கைது செய்ய வேண்டும். இன்னொன்று வந்தால் பேசிச் சமாதானப்படுத்த வேண்டும். மூன்றாவது வந்தால் அவனை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும். மேலே எந்தப் படிவம் இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு. போலீஸ்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. பலத்த காயம் உள்ள வழக்குகளை மட்டும் ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அடி வாங்கியவள் தலைவிதியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்ப்பதா? அப்புறம் யோசித்தேன். உன் ஸ்டேஷனிலும் அன்றைக்கு யார் பணியில் இருக்கிறார்கள், அவர்கள் மனநிலை எப்படி என்பதைப் பொறுத்துத்தானே முடிவு மாறும்? அதுவும் குலுக்கல்தான், யாரும் எழுதி வைக்காத குலுக்கல்.

மொத்தம் 314 வழக்குகள். ஆறு மாதம் கழித்துப் போலீஸ் பதிவேட்டைப் பார்த்தால், கைதானவர்களில் 10 சதவீதம் பேர் மறுபடி கைவைத்திருந்தார்கள். பேசி விட்டவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24. ஷெர்மனும் அவரோடு ஆய்வு செய்த ரிச்சர்ட் பெர்க்கும் 1984-ல் இதை வெளியிட்டதும் நாடு முழுக்கப் பேச்சு. பெண்கள் அமைப்புகள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்ததற்கு இப்போது எண்ணிக்கை கிடைத்துவிட்டது. கைது செய்தே ஆக வேண்டும் என்று மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்தது. இவ்வளவு தூரம் படித்தபோது உனக்கு உடனே போன் போட்டு "பார்த்தாயா?" என்று கேட்கத் துடித்தேன். அங்கே நள்ளிரவு. பிழைத்தாய்.

நல்லவேளை, போன் போடவில்லை. அந்த அறிக்கையிலேயே அவர்கள், கைதைக் கட்டாயமாக்க வேண்டாம், விதிவிலக்குக்கு இடம் விடுங்கள், வேறு ஊர்களிலும் செய்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதை யார் படித்தார்கள்? ஆனால் வேறு ஐந்து ஊர்களில் உண்மையிலேயே செய்து பார்த்தார்கள். அதில் ஒன்றான மில்வாக்கியில், 1987-88-ல், 1,200 வழக்குகளை வைத்து ஆய்வை நடத்தியவரும் ஷெர்மன்தான். அங்கே விடை இரண்டாகப் பிரிந்தது. வேலையில் இருந்தவன் கைதுக்குப் பிறகு அடங்கினான். வேலையில்லாதவன் வெளியே வந்து முன்பைவிட அதிகமாக அடித்தான். வேலை, மரியாதை, அக்கம்பக்கத்தில் பேர் என்று இழப்பதற்கு ஏதாவது இருப்பவனுக்குத்தான் ஒரு ராத்திரி லாக்கப் பயமாக இருக்கிறது. ஒன்றும் இல்லாதவனுக்கு அது இன்னொரு அவமானம், அதைக் கொட்ட இருக்கும் ஒரே ஆள் வீட்டிலிருப்பவள்.

மனுஷனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே முதல் ஆய்வுதான். இரண்டாவதைச் சத்தமில்லாமல் பெட்டியில் போட்டு மூடியிருக்கலாம். அவர் 1992-ல் புத்தகமாகவே எழுதி, கட்டாயக் கைதுச் சட்டங்களை நீக்குங்கள் என்று கேட்டார். பெண்கள் அமைப்புகளுக்குக் கோபம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. எத்தனையோ வருடம் கதவைத் தட்டிப் போலீசை உள்ளே வரவைத்த பிறகு, "ஏழை வீட்டுக்கு மட்டும் வேறு வழி பாருங்கள்" என்றால் அது எப்படிக் காதில் விழும்? அதே 1992-ல்தான் நம் ஊரில் முதல் மகளிர் காவல் நிலையம், சென்னை ஆயிரம் விளக்கில், தொடங்கியது. நீ அந்த வேலைக்குப் போன உற்சாகத்தில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தது நினைவிருக்கிறதா?

அவர் அதோடு விடவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. 23 வருடம் கழித்து, மில்வாக்கி வழக்குகளில் அடிபட்ட 1,125 பேர் என்ன ஆனார்கள் என்று இறப்புப் பதிவேட்டில் தேடினார், ஹீதர் ஹாரிஸ் என்பவரோடு சேர்ந்து. துணை கைதானவர்கள், எச்சரித்து விடப்பட்டவர்களின் துணைகளைவிட 64 சதவீதம் அதிகமாக இறந்திருந்தார்கள். கொலை இல்லை சின்னு; பெரும்பாலும் இருதய நோய் மாதிரி சாதாரணச் சாவுகள். கறுப்பினப் பெண்களிடம்தான் இந்த வித்தியாசம் மிக அதிகம். கண்ணெதிரே விலங்கு மாட்டி இழுத்துப் போனதன் அதிர்ச்சி உடம்பில் தங்கியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். அது ஊகம்தான். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்தபிறகு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உடனே ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. ஐந்து ஊர்க் கணக்கையும் ஒன்றாகப் போட்டு 2001-ல் அலசிய வேறு மூவர், கைதால் கொஞ்சம் பலன் இருக்கத்தான் செய்கிறது என்றார்கள். இங்கே கைது என்றால் பல நேரம் சில மணி நேரம்தான். நம் ஊர் ரிமாண்டோடு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. எழுதி வாங்கி அனுப்புகிற உன் முறையை யாரும் எங்கேயும் இப்படிச் சோதித்ததாக நான் படிக்கவில்லை. ஆக, நீ சொன்னது சரியாக இருந்திருக்கலாம். ஆனால் நீ அதை எதை வைத்துச் சொன்னாய்? அனுபவம் என்பாய். ஷெர்மன் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டது அந்த ஒரு சொல்லோடுதான்.

இந்த ஊரிலேயே இன்னொன்றும் கண்டுபிடித்தார். நகரத்தில் மூன்று சதவீத முகவரிகளிலிருந்துதான் போலீசுக்கு வரும் அழைப்புகளில் பாதி வருகிறது என்று 1989-ல் கணக்குக் காட்டினார். உனக்கு இது செய்தியே இல்லை. "எந்த வீடு, எந்த ஒயின் ஷாப்னு எனக்கே தெரியுமே" என்பாய்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். பூக்காரம்மா வீட்டுக்காரன் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தானா? உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அன்றைக்கு அதைக் கேட்கத் தோன்றாமலே கத்திக்கொண்டிருந்தேன். அந்தம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தாலும் எழுது.

மார்ச் கடைசியில் திருச்சி வருகிறேன். நெல்லிக்காய் ஊறுகாயை நீயே தீர்த்துவிடாதே. பதிலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பாமல், கையால் எழுது.

உன் பழைய ரூம்மேட்