வெட்டுப்பட்ட காய்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

மூன்று சனிக்கிழமையாக உன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். "ரிப்போர்ட் வரட்டும் மாமா" என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாசலில் பனி அள்ளுகிற கதைக்குப் போய்விட்டார். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆபீஸ் ரிப்போர்ட்டாக இருக்கும்.

ஆட்டத்தை விட்டுவிடாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போன ஜூனில் மில்வாக்கி வந்தபோது, கழுதை வயதானவர்கள் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டவன்தான் நான். என்னையும் உட்கார வைத்துவிட்டாய். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம், நடுவர் சொல்கிற கதைக்குள் பூதங்களுக்கு நடுவே புதையல் தேடிப் போக வேண்டும். 1981ஆம் வருடத்து விதிப் புத்தகம். நம் ஆளின் பலம், புத்தி என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடையை உருட்டி, விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும், வரிசையை மாற்றக் கூடாது. எனக்கு வாய்த்தவர் மந்திரவாதி. நாளைக்கு ஒரே ஒரு மந்திரம், உயிர்ப் புள்ளி இரண்டு. பூனை பிராண்டினால் போதும். பொன்னுசாமி சித்தப்பா பேரை வைத்தேன், நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சித்தப்பா பெட்டியைத் திறந்தார், விஷ ஊசி. இருபது முகப் பகடையில் 13க்குக் குறையாமல் விழ வேண்டும் என்றாய். 31 வருடம் இன்சூரன்சில் குப்பை கொட்டியவன் கணக்குப் போடாமல் இருப்பேனா? பிழைக்க நூற்றுக்கு நாற்பது. அந்த ஆளுக்கு எந்தக் கிளையிலும் பாலிசி கிடையாது. விழுந்தது 9. "இன்னொரு தடவை உருட்டிக்கிறேன் கண்ணு" என்று கெஞ்சினேன். "எல்லார் கண் முன்னாடியும் விழுந்ததுப்பா" என்றாய். செத்தார் சித்தப்பா. உன் கூட்டம் கை தட்டியது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

மறுநாள் லேக் ஜெனீவாவுக்குக் கூட்டிப்போனாய். 1974இல் டேவ் ஆர்னசனோடு சேர்ந்து இந்த ஆட்டத்தை எழுதி வெளியிட்ட கேரி கைகாக்ஸ் அந்த ஊர்க்காரர், அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் அண்டர்ரைட்டராக இருந்தவர் என்று காரில் சொன்னாயே, அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நம்ம ஆபீஸ் ஆள்! பூதத்தைக் கொன்றால் சொற்ப அனுபவப் புள்ளி, தங்கத்தை வெளியே கொண்டுவந்தால் நாணயத்துக்கு ஒரு புள்ளி. அதனால்தான் உன் கூட்டம் பத்தடிக் கழியால் தரையைத் தட்டித் தட்டி நடக்கிறது, பூதத்தோடு பேரம் பேசுகிறது, ஓட வேண்டிய இடத்தில் வெட்கப்படாமல் ஓடுகிறது. உயிர்ப் புள்ளி பூஜ்யம் என்றால் சாவு என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் புத்தி வரும். அப்புறம் ஒன்று சொன்னாய். சில நடுவர்கள் திரைக்குப் பின்னால் உருட்டி, விழுந்ததை மறைத்துச் செத்தவனைப் பிழைக்க வைப்பார்கள், ஆடுகிறவனை அதைவிட அவமானப்படுத்த முடியாது என்றாய். ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது.

தாயத்தில் உன் காயை வெட்ட வாய்த்தபோதெல்லாம் கண் தெரியாத மாதிரி வேறு காயை நகர்த்தினவன் நான். உனக்கு அது எட்டு வயதிலேயே தெரியும் என்பாள் அம்மா.

அந்த மார்ச் மாதமும் அதைத்தான் செய்தேன். "வெறும் காய்ச்சல், டிரிப்ஸ் ஏறுது, நீ கெமிஸ்ட்ரியைப் படி" என்று ஹாஸ்டலுக்குப் போன் செய்தபோது, டாக்டர் என்னிடம் கையெழுத்து வாங்கி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. இதை நீ ஊகித்திருப்பாய். ஊகிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. "கயலை வரச்சொல்லுங்க" என்றாள். இரண்டு தடவை. பரீட்சை முடியட்டும் என்றேன். சரி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ வியாழக்கிழமை வந்தாய். கெமிஸ்ட்ரியில் 194. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இதைப் பதினாறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நீ திரை கட்டி உருட்டுகிறாய். என்னிடம் கற்றதுதான், கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. ஆனாலும் கயல், விழுந்த எண்ணைச் சொல்லிவிடு. எதுவானாலும் சொல்லு. பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கின்றன, முழங்கால் பரவாயில்லை. கத்தரி வற்றல் போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் கொண்டுவருவேன்.

சித்தப்பாவுக்குப் பதிலாக அன்றைக்கே ஒரு திருடனை உருட்டினேனே, அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. அவனுக்கு நாலு உயிர்ப் புள்ளி. காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா